கார்டு இருக்கா?

வள்ளூருக்குப் புதிதாகக் குடிவருகிறவரிடம் வீட்டுக்காரர் அட்வான்ஸைப் பற்றிக் கேட்பார். பக்கத்து வீட்டம்மா கேட்பது வேறு: "கார்டு மாத்திட்டீங்களா?" வங்கி கார்டு, ஆதார் கார்டு, பான் கார்டு என்று பர்ஸ் நிறைய கார்டுகள் வந்த பிறகும், அடைமொழி எதுவும் இல்லாமல் 'கார்டு' என்று சொன்னால் இந்தப் பக்கமெல்லாம் அது ரேஷன் கார்டுதான். அரசாங்கம் அதைக் குடும்ப அட்டை என்கிறது, அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

வள்ளூர் சென்னை இல்லை. ஆனால் சென்னையின் புகை, சாம்பல், கன்டெய்னர் லாரி எல்லாம் வந்து சேர்கிற இடம். கொசஸ்தலை ஆற்றின் அணைக்கட்டுக்கு இந்த ஊரின் பெயர்தான். பிறகு 1,500 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கும் அதே பெயர் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் எண்ணூரும் கத்திவாக்கமும் மாநகராட்சிக்குள் இருக்கின்றன. இந்தப் பக்கம் வள்ளூர் இன்றும் மீஞ்சூர் ஒன்றியத்து ஊராட்சி. அங்கே கார்டில் பெயர் சேர்க்க மண்டல உதவி ஆணையர் அலுவலகம், இங்கே பொன்னேரி வட்ட வழங்கல் அலுவலகம். ஆற்றைத் தாண்டினால் ஆபீஸே மாறிவிடும்.

இந்தப் பகுதியில் இரண்டு வகை மனிதர்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். கார்டு உள்ளவர்கள் ஒரு வகை. தகர ஷெட்டுகளிலும் ஒரே அறையில் ஆறு பேராகவும் தங்கி, மின் நிலையம், துறைமுகம், கிடங்கு, கட்டடம் என்று வேலை பார்க்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் இன்னொரு வகை. கார்டு மாத்திட்டீங்களா என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதற்கு ஏறக்குறைய 80 வருட வரலாறு ஒன்று உண்டு. அது ரங்கூனில் தொடங்குகிறது.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. அடுத்த மாதமே கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழ, மதராஸ் பட்டணம் பாதி காலியானது. குண்டு பயம் சில மாதங்களில் தணிந்தது, ஜனம் திரும்பி வந்தது. திரும்பி வராதது பர்மா அரிசி. மதராஸ் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக இறங்கி, ஏழைகளின் உலையில் வெந்துகொண்டிருந்த அரிசி அது. தஞ்சாவூர் நெல் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், மதராஸ் மாகாணம் தன் வயிற்றுக்குப் பர்மாவை நம்பித்தான் இருந்தது. கப்பல் நின்றதும் விலை ஏறியது, பதுக்கல் பெருகியது. 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பஞ்சத்தில் செத்தார்கள். அதே ஆண்டு கிரிகரி தலைமையிலான உணவு தானியக் கொள்கைக் குழு, ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் ரேஷன் முறையைக் கொண்டுவரச் சொன்னது. பம்பாய் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மதராஸ் நகரத்துக்கும் 1943இலேயே ரேஷன் வந்தது.

கவனிக்க: அது ஏழைகளுக்கான திட்டமாக வரவில்லை. நகரத்துக்கான திட்டமாக வந்தது. துறைமுகமும் ஆலைகளும் ரயில்வேயும் நின்றால் யுத்தம் நின்றுவிடும். ரயில்வே தன் தொழிலாளிகளுக்கென்று தனியாகத் தானியக் கடைகளே நடத்தியது. ராயபுரத்திலும் பெரம்பூரிலும் வேலை செய்தவனுக்கு அளந்து கொடுக்கப்பட்ட அரிசிக்குப் பின்னால் கருணையைவிடக் கணக்குதான் அதிகம். அந்த நாளிலேயே கார்டின் குணம் தீர்மானமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 'நீ எவ்வளவு ஏழை' என்று அது கேட்கவில்லை. 'நீ எங்கே குடியிருக்கிறாய், வீட்டில் எத்தனை பேர்' என்று கேட்டது. தெரு, கதவு எண், தலைக்கட்டு. அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. கட்டுப்பாடு, கொள்முதல், ஊர் விட்டு ஊர் அரிசி கொண்டுபோகத் தடை, சோதனைச் சாவடி என்று ஜனம் சலித்துப்போனது. 1952 தேர்தலில் மதராஸ் மாகாணத்தில் காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்ததற்கு இந்தச் சலிப்பும் ஒரு காரணம். முதலமைச்சராகக் கொண்டுவரப்பட்ட ராஜாஜி அந்த ஜூனிலேயே கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். பெரிய சூதாட்டம்தான். பதுக்கி வைத்திருந்த நெல் வெளியே வந்தது, அடுத்து வந்த நல்ல விளைச்சலும் கைகொடுத்தது. அவருடைய குலக்கல்வித் திட்டம் நமக்கு ஞாபகமிருக்கிறது. அரிசி விஷயத்தில் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கைத்தட்டல் மறந்துபோயிற்று.

ஆனால் கடை ஒழியவில்லை. அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்து, அமெரிக்காவின் பி.எல். 480 கோதுமைக் கப்பலுக்காக நாடே காத்திருந்தபோது அது மறுபடி தேவைப்பட்டது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று, தஞ்சாவூரில் முதல் மாவட்ட அலுவலகத்தோடு தொடங்கப்பட்டது இந்த நெருக்கடியில்தான். கோதுமையை எப்படிச் சமைப்பது என்று நம் ஊர் அடுப்படிகள் முழித்த காலம் அது. இதே வருடங்களில் வடசென்னைக்கு இன்னொரு கூட்டமும் வந்து சேர்ந்தது. நே வின் ஆட்சி கடைகளையும் நிறுவனங்களையும் நாட்டுடைமையாக்க, பர்மாத் தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி மதராஸில் இறங்கினார்கள். வியாசர்பாடியில் காலனி, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார், பாரிமுனைத் தள்ளுவண்டியில் அத்தோ. பர்மாவிலிருந்து அரிசி வராததால் பிறந்த கடைவரிசையில், பர்மாவிலிருந்து வந்தவர்களும் பை தூக்கி நின்றார்கள். ஒரு முகவரி கிடைத்த பிறகு.

1967 தேர்தலை அரிசித் தேர்தல் என்று சொன்னால் மொழிப்போரைக் குறைத்துச் சொல்வதாகிவிடும். ஆனால் மேடைக்கு மேடை ஒலித்தது அரிசிதான். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது தி.மு.க. மார்ச்சில் முதலமைச்சரான அண்ணா, மே மாதத்தில் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கினார், சென்னையிலும் கோவையிலும் மட்டும். மாநிலம் முழுக்க விரிக்கக் கஜானா இடம் கொடுக்கவில்லை. மூன்று படி கடைசிவரை வரவே இல்லை என்று இன்றும் கிண்டல் செய்வார்கள். எனக்கு அந்த மூன்றைவிட 'சென்னையிலும் கோவையிலும்' என்பதுதான் உறுத்துகிறது. 1943இன் கணக்கு அப்படியே தொடர்ந்தது: அரிசி முதலில் நகரத்துக்கு. வள்ளூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். சொந்தமாக நெல் விளைந்த ஊர்தானே, அதற்கெதற்கு ரேஷன் என்று நினைத்திருப்பார்கள். நெல் விளைந்த ஊரில் நிலமில்லாத கூலிக்காரனும் இருந்தான்.

கிராமத்துக்குக் கடை வந்தது எழுபதுகளுக்குப் பிறகு. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. டெல்டாவில் நெல்லைக் கொள்முதல் செய்து, அரைத்து, கிடங்கில் வைத்து, கடைவரை கொண்டுசேர்ப்பது அதன் வேலை. கடையை நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவு சங்கம். மற்ற பல மாநிலங்களில் ரேஷன் கடை என்பது தனி முதலாளிக்குக் கொடுத்த லைசென்ஸ். கமிஷன் பத்தாது, அரிசியை வெளியே தள்ளினால்தான் லாபம். இங்கே கடைக்காரர் சம்பளக்காரர். அவரும் எடையில் கை வைப்பார், பில் போட்டுவிட்டு ஸ்டாக் இல்லை என்பார். ஆனால் கடையைப் பூட்டிவிட்டுக் காணாமல் போக முடியாது. இன்றைக்கு 30,000க்கும் மேல் கடைகள், 2 கோடிக்கும் மேல் கார்டுகள்.

கோடு கிழிக்கும் காலம் 1997இல் தொடங்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று ஜனங்களைப் பிரித்து, கீழே உள்ளவருக்கு மட்டும் மலிவு விலையில் தானியம் என்றது மத்திய அரசு. பொருளாதாரப் பாடத்தில் இது சரியாகத்தான் தெரியும்: பணக்காரனுக்கு எதற்கு மானிய அரிசி? தமிழ்நாடு கேட்கவில்லை. மத்தியத் தொகுப்பிலிருந்து வந்ததற்கு மேல் தன் காசைப் போட்டு எல்லோருக்கும் ஒரே விலை என்று நின்றது.

ஒருமுறை மட்டும் இந்த அரசும் கோடு போட்டுப் பார்த்தது. 2001இல் வந்த ஜெயலலிதா ஆட்சியில், மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களின் கார்டில் 'எச்' என்று முத்திரை குத்தினார்கள். கௌரவ அட்டையாம். ஆங்கிலத்தில் கௌரவத்துக்கு எச்தான் முதலெழுத்து. கௌரவம் கிடைத்தவர்களுக்கு அரிசி கிடைக்கவில்லை. கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து ஐயாயிரத்தைத் தொட்டவனும் கௌரவக்காரனாகிவிட்டான். இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தில் அது எப்படி எடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓர் இடம்கூட வெல்லவில்லை. முடிவு வந்த அதே மே மாதம் எச் முத்திரை ரத்தானது.

அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை. போட்டி எதிர்த் திசையில் ஓடியது. கிலோ 3.50 ரூபாயாக இருந்த அரிசி 2006 ஜூனில் 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 ஜூனில் இலவசம். நடுவில் 2007இல் துவரம் பருப்பும் பாமாயிலும் வந்து சேர்ந்தன. கிலோ 30 ரூபாய் பருப்பும் லிட்டர் 25 ரூபாய் பாமாயிலும்தான் இன்றும் மாசக் கடைசியில் வரிசையை நீளமாக்குகின்றன. அரிசி வேண்டாம் என்பவர்கூடப் பாமாயிலை விடமாட்டார்.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. தமிழ்நாடு மூன்று வருடம் முரண்டு பிடித்துவிட்டு, ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த 2016 நவம்பர் 1 அன்று சேர்ந்தது. மறு வருடம் ஜூலையில் அதற்கான விதிகள் அரசிதழில் வந்தபோது ஒரே கலவரம். ஏ.சி. இருந்தால், கார் இருந்தால் முன்னுரிமைப் பட்டியலில் இடமில்லை என்று இருந்தது. "நம்ம கார்டு போச்சா?" என்று எல்லா வீட்டிலும் பேச்சு. எல்லோருக்கும் ரேஷன் தொடரும் என்று அமைச்சர் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. கார்டில் பி.எச்.எச்., என்.பி.எச்.எச். என்று எழுத்துகள் மாறின. கோடு கார்டில் அச்சாகியிருக்கிறது, கடையில் பெரிதாகத் தெரிவதில்லை. மத்திய அரசு கொடுக்காத என்.பி.எச்.எச்.காரரின் அரிசிக்கு மாநில அரசு காசு கட்டுகிறது.

இந்தப் பிடிவாதத்தைப் பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் போன்றவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான கடை என்றால் குறை சொல்ல எல்லோரும் இருப்பார்கள். ஏழைக்கு மட்டுமான கடையில் புழுத்த அரிசி வந்தால் கேட்க நாதி இருக்காது. வாத்தியார் வீட்டம்மாவும் மின்வாரிய லைன்மேன் வீட்டம்மாவும் அதே வரிசையில் நின்றால் கடைக்காரர் தராசைக் கொஞ்சம் பார்த்துத்தான் பிடிப்பார். வருமானக் கோட்டை அழித்ததுதான் தமிழ்நாட்டு ரேஷனின் வெற்றி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1943இல் போட்ட இன்னொரு கோட்டை யாரும் அழிக்கவில்லை. முகவரிக் கோடு.

இன்றைக்குப் புதுக் கார்டு கேட்டு விண்ணப்பித்துப் பாருங்கள். இணையதளத்தில் பெயர், ஆதார், போட்டோ எல்லாம் ஏற்றிவிடலாம். பிறகு குடியிருப்புச் சான்று, கேஸ் இணைப்பு விவரம், வேறு எந்தக் கார்டிலும் பெயர் இருக்கக் கூடாது. புதிதாகக் கல்யாணமான ஜோடி என்றால் இரண்டு பேருக்கும் பெற்றோர் கார்டிலிருந்து பெயர் நீக்க வேண்டும். அப்புறம் ஆய்வுக்கு ஆள் வந்து பார்ப்பது அடுப்பை. தனிச் சமையல் இருக்கிறதா? ஒரே வீட்டில் மேல் மாடியில் குடியிருந்து கீழே மாமியாரோடு சாப்பிட்டால் தனிக் கார்டு கிடையாது. குடும்ப அட்டை என்ற பெயர் சரிதான் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். அரசாங்கத்தின் அகராதியில் குடும்பம் என்பது ஒரு கூரைக்குக் கீழே ஓர் அடுப்பு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை கார்டுக்கு ஒருவர் என்று வந்ததும் அந்த அடுப்புக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மதிப்பும் கூடிவிட்டது. மிக்ஜாம் வெள்ளத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணமும் அதே டிசம்பரில் ரேஷன் கடை டோக்கனாகத்தான் வந்தது. பொங்கல் பரிசு, கொரோனா கால 4,000, வெள்ளப் பணம் என்று அரிசிக்காகப் போட்ட பாதையில் அரசாங்கத்தின் எல்லா வண்டியும் ஓடுகிறது. கார்டு இல்லையென்றால் எந்த வண்டியும் உங்கள் வாசலில் நிற்காது.

கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்குத் தூக்கியெறியப்பட்டவர்களின் முதல் தலைவலி கார்டுதான். வீடு ஓர் இடத்தில், கடை பழைய இடத்தில். இருபது கிலோ அரிசிக்குப் பஸ் செலவு செய்து போய்வந்தார்கள். சுனாமிக்குப் பிறகு ராயபுரம் பக்கத்து மீனவக் குடும்பங்களைக் கொண்டுபோய் எர்ணாவூர் குடியிருப்புகளில் வைத்தபோது அவர்களுக்கும் முகவரி என்பது முதலிலிருந்து தொடங்கியது. புருஷன் விட்டுப்போன பெண்ணுக்கு நிலைமை இன்னும் மோசம். அவள் பெயர் அவன் கார்டில் இருக்கும். கார்டு அவன் கையில் இருக்கும்.

வள்ளூருக்கு வடக்கே, அதே ரயில் பாதையில், கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அவர்களுக்குக் குடும்ப அட்டை இல்லை, முகாம் பதிவு மட்டும்தான். வெளியே ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று கட்சிகள் போட்டி போட்ட காலத்தில் அவர்களுக்கு அரிசி கிலோ 57 பைசா. சில்லறைக் காசு புழக்கத்திலிருந்து போன பிறகும் அந்த 57 பைசா அரசு ஏட்டில் இருந்தது. வெளியே இலவசமாகிப் பத்து வருடம் கழித்து, 2021இல்தான் அவர்களுக்கும் இலவசம் என்று அறிவிப்பு வந்தது.

அப்புறம் அந்தத் தகர ஷெட்டுக்காரர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. மே, ஜூன் மாதங்களில் கார்டு இல்லாத புலம்பெயர் தொழிலாளருக்குத் தலைக்கு ஐந்து கிலோ என்றது மத்திய அரசு. முகவரி கேட்காமலும் அரிசி கொடுக்க முடியும் என்று அந்தச் சில வாரங்கள் காட்டின. அது எல்லோர் கைக்கும் போய்ச் சேரவில்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை நோக்கி மூட்டையோடு நடந்தவர்களை எல்லோரும் பார்த்தோம்.

அந்த அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில், எல்லா மாநிலங்களும் ஜூலைக்குள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. காகிதத்தில் பார்த்தால், பீகார்க்காரர் வள்ளூர் கடையில் விரலை வைத்து, தன் பங்கு ஐந்து கிலோவை வாங்கிக்கொள்ளலாம். 2023 ஜனவரியிலிருந்து அதுவும் இலவசம். நடைமுறை வேறு. முதலில் அவருக்கு ஊரில் கார்டு இருக்க வேண்டும், அதுவும் மத்தியச் சட்டத்துக்குள் வரும் கார்டாக. அந்தப் பட்டியலோ 2011 மக்கள்தொகைக் கணக்கில் நிற்கிறது. அதற்குப் பிறகு பிறந்து வளர்ந்து கல்யாணமாகிக் குடும்பமானவர்களுக்கு அதில் இடம் கிடைப்பது அரிது. கார்டு இருந்தாலும் ஆதார் இணைந்திருக்க வேண்டும். சிமென்டும் கம்பியும் பிடித்துத் தேய்ந்த விரல் மெஷினில் விழ வேண்டும். கடை திறந்திருக்கும் நேரத்தில் ஷிப்ட் இருக்கக் கூடாது. இத்தனையும் கூடிவந்தால் கிடைப்பது மத்திய அரசின் தானியம் மட்டும். பருப்பும் பாமாயிலும் தமிழ்நாட்டு முகவரிக்காரர்களுக்கு.

அவர்களுக்கும் அரிசி கொடுத்தால் நம்ம வரிப்பணம் என்னாவது என்று கேட்பவர்கள் உண்டு. எச் முத்திரை குத்தியபோது கேட்ட அதே கேள்வி, ஆள்தான் மாறியிருக்கிறது. இந்த மின் நிலையத்தின் கரண்டில் ஓடுகிற ஏ.சி.க்காரர் ரேஷன் வாங்கலாம், அதைக் கட்டி நிறுத்திய கொத்தனார் வாங்கக் கூடாது என்பதற்கு என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. 1943இல் பட்டணத்துக்கு அரிசி அளந்த வெள்ளைக்கார அதிகாரிக்குக்கூட இந்தக் குழப்பம் இருக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் சாப்பிட்டாக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் சீட்டுக்கு அடியில் மூட்டைகள் இருக்கும். சோதனையில் ரேஷன் அரிசி பிடிபட்டது என்ற செய்தி பல வருடங்களாக வந்துகொண்டே இருக்கிறது. வேண்டாதவர்களிடம் ஐந்துக்கும் பத்துக்கும் வாங்கிச் சேர்த்து, ஆந்திரா பக்கம் கொண்டுபோய் பாலிஷ் போட்டு, வேறு சாக்கில் வேறு பெயரோடு சந்தைக்கு விடுகிறார்கள். அந்த ரயில் அத்திப்பட்டிலும் மீஞ்சூரிலும் நிற்கும். வேலை முடிந்த வடநாட்டு இளைஞர்கள் அங்கே இறங்கி, ஸ்டேஷன் பக்கத்து மளிகைக் கடையில் அன்றைய ராத்திரிச் சமையலுக்கு அரிசியும் உருளைக்கிழங்கும் வாங்குவார்கள். கிலோ என்ன விலையோ அந்த விலைக்கு.